ஓரெழுத்து ஊர்

அன்புள்ள அட்லஸ்,

கடிதம் எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. காரணம் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாடிப்படி ஏறாதே என்று மருத்துவர் சொன்ன அன்றே நீ மொட்டைமாடிக்குப் போயிருப்பாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய்.

எந்தப் பந்தயம் என்று கேட்காதே. மறந்திருக்கமாட்டாய். "உலகத்தில் ஒரே எழுத்தில் ஓர் ஊர் இருக்கிறது சார்" என்று எழுந்து நின்று சொன்னாய். வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். பூகோள வாத்தியார் உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டார். மணி அடிக்கும்வரை காது சிவக்க நின்றாய். நானோ கீழே உட்கார்ந்துகொண்டு, அப்படி ஓர் ஊர் இருந்தால் என் பச்சைப் பேனா உனக்கு என்று சீட்டு எழுதி நீட்டினேன்.

போன வாரம் மகள் வீட்டில் ஒரு பெரிய உலக வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நார்வேயின் வடமேற்கே, கடலில் சிதறிக் கிடக்கும் லோஃபோட்டன் தீவுகளின் தென்பகுதியில் ஒரு புள்ளி. பக்கத்தில் ஓர் ஆங்கில 'ஏ', அதன் தலைமேல் கடுகளவு வட்டம். அவ்வளவுதான் பெயர். அச்சுப்பிழையோ, ஈ எச்சமோ என்று துணியால் துடைத்துக்கூடப் பார்த்தேன். போகவில்லை. ஈ10 என்ற நெடுஞ்சாலை அந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. உச்சரிப்பு ஏறக்குறைய நம் 'ஓ'. பொருள், ஓடை.

இதில் வேடிக்கையைக் கேள். நம் தமிழய்யா நன்னூலின் ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டையும் உருப்போட வைத்தாரே, அதில் 'ஓ' என்றால் மதகுநீர் தாங்கும் பலகை! அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர். அன்றைக்குப் பெஞ்சுமேல் நின்றபடி இதை நீ எடுத்துவிட்டிருந்தால் வாத்தியார் வாயடைத்துப் போயிருப்பார். பிரான்சில் சோம் பகுதியில் 'ஒய்' (Y) என்ற ஒற்றை ஆங்கில எழுத்திலும் ஓர் ஊர் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌரில் 'பூ' இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு மூக்கைப் பொத்துவான். நாம் முகர்ந்து பார்ப்போம்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்றைத் தேடப் போனால் பத்து வந்து ஒட்டிக்கொள்கிறது. கனடாவின் கியூபெக்கில் செயின்ட்-லூயி-டு-ஹா! ஹா! என்று ஓர் ஊர். ஆச்சரியக்குறி இரண்டும் நான் போட்டவை அல்ல, பெயரிலேயே உள்ளவை. வழியில் எதிர்பாராமல் வரும் தடங்கலுக்குப் பழைய பிரெஞ்சில் அந்தச் சொல் வழங்கியதாம். நம் குண்டனின் சிரிப்பைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது.

நீளப் பெயர்களையும் எடுத்துப் பார்த்தேன். வேல்ஸில் 58 எழுத்தில் ஒரு கிராமம் இருக்கிறதே, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் காட்டுவாயே, அந்தப் பெயர் பாதிக்குமேல் ஜோடனை! 1860களில் ரயில் பயணிகளை இழுப்பதற்காக உள்ளூர்க்காரர்கள் நீட்டிவிட்டது. கடைக்காரன் போர்டு வைப்பதுபோல ஊருக்கே வைத்துவிட்டார்கள். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நியூசிலாந்தில் 305 மீட்டர் உயரக் குன்று ஒன்றுக்கு 85 எழுத்தில் பெயர். இதையும் அதே கணக்கில் சேர்த்துச் சிரிக்கலாம் என்றுதான் பொருளைப் பார்த்தேன். 'பெரிய முழங்கால்கள் உடையவனும், மலைகளில் சறுக்கியவனும் ஏறியவனும், நிலத்தை விழுங்கியவனுமான தமதேயா, தன் அன்புக்குரியவருக்காகக் குழல் ஊதிய உச்சி' என்கிறது. பெரிய முழங்கால் என்றதும் உன் ஞாபகம் வந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் அந்தக் குழல் எதற்கு என்று படித்தேன். போரில் இறந்த சகோதரனை நினைத்து அவன் அந்தக் குன்றில் தினமும் வந்து ஊதினானாம். மாவோரிகளின் மரபு அப்படிச் சொல்கிறது. முழுப்பெயரையும் ஒருமுறை மெதுவாக வாசித்தேன். யாரோ ஒருவன் அழுகையை நிறுத்தத் தெரியாமல் அழுவதுபோல் இருந்தது. நாம் அதை யார் வேகமாகச் சொல்வது என்று போட்டி வைத்திருக்கிறோம்.

சிரிப்பு ஓர் ஊரையே விரட்டிய கதையும் உண்டு. ஆஸ்திரியாவில் சுமார் நூறு பேர் வாழும் சிற்றூர். ஃபோக்கோ என்ற ஆளின் வழி வந்த பழைய பெயர். அவர்கள் மொழியில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் அது வசைச்சொல். (உன் கடிதங்களை முதலில் பிரிப்பவர் உன் மனைவி, அதனால் எழுதவில்லை.) வந்தவர்கள் பலகையோடு படம் எடுத்தார்கள், பலகையைத் திருடினார்கள். காங்கிரீட்டில் பதித்து இரும்போடு பற்றவைத்தும் பார்த்தார்கள். கடைசியில் 2021 ஜனவரி 1 முதல் பெயரை ஃபுகிங் என்று மாற்றிக்கொண்டார்கள். யாரோ சிரித்ததற்கு அவர்கள் ஏன் மாற வேண்டும்? இதைப் படித்த இரவு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு, உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றிய வகுப்பில் முதலில் சிரித்தவன் யார் என்ற நினைப்பும் வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு.

குண்டனைப் பார்த்தால் ஒன்று சொல். ஆடுதுறையில் ரயில் நின்றபோது ஜன்னல் வழியே ஆட்டைத் தேடினானே, அங்கே ஆடு கிடையாது. தேவாரத்தில் அந்தத் தலம் தென்குரங்காடுதுறை. குரங்கு ஆடிய துறை. காலப்போக்கில் குரங்கு இறங்கிப் போய்விட்டது, ஆட்டம் மட்டும் மிச்சம். அவன் கண்ணாடியைப் பார்த்திருந்தாலே போதும் என்றும் சேர்த்துச் சொல்.

பந்தயக் கடன் பாக்கி வைக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை அந்தப் பச்சைப் பேனாவில்தான் எழுதியிருக்கிறேன். பேனாவைத் தனிப் பார்சலில் நாளை அனுப்புகிறேன். கழுத்தில் மை கசியும், துணி சுற்றிப் பிடித்துக்கொள். நிப்பு கொஞ்சம் வளைந்திருக்கும். அது பத்தாம் வகுப்பில் நீ கீழே போட்டது.

உன்,
பெஞ்சுக்குக் கீழே இருந்தவன்