கண்ணாடி போட்டவனும் விமானம் ஓட்டலாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கு இரவுச் சந்தையிலோ கோயில் வாசலிலோ யாராவது சொல்லியிருப்பார்கள். “சின்ன வயதிலேயே பையனுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார். அதனால்தான் பைலட் மருத்துவச் சோதனையில் தள்ளிவிட்டார்கள்” என்கிறது அந்தக் குரல். கடையின் பெயரைச் சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டில் தமிழில் பேசிக் கண் பார்க்கும் கடை என்றால் எது என்று தெரியாதவர் யார்?

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சும்மா இருந்திருப்பேன். விலை அதிகம் என்று சொல்லட்டும், ஃபிரேம் எல்லாம் பழைய மாடல் என்று சொல்லட்டும். கண்ணாடி விற்பதற்காகப் பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கிறேன் என்ற பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. என் அப்பா மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனவர். லயத்து வாசலில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, பால்மரம் வெட்டியவர்களுக்குக் கண் பார்த்தவர். சம்பள நாளில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்), பத்து வெள்ளி என்று தவணையாக வாங்கிக்கொண்டார். வராத தவணையைக் கேட்டதில்லை. அந்தக் கணக்கு நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விமானிகளின் உடல்தகுதிக்கு அடிப்படை விதி வகுத்திருப்பது ‘ஐக்காவ்’ என்ற அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து நிறுவனம். நம் மலேசியாவில் அதைக் கவனிப்பது பொது வான் போக்குவரத்து ஆணையம். பயணிகள் விமானம் ஓட்ட விரும்புகிறவருக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அதற்குத் தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த அளவை எட்டினாலும் போதும். கண்ணாடியைக் கழற்றினால் எவ்வளவு தெரிய வேண்டும் என்று அந்த அனைத்துலக விதி எல்லை எதுவும் வைக்கவில்லை. இதை இரண்டு முறை படியுங்கள். முடிந்தால் அந்தக் குரல் பதிவு வந்த குழுவிலும் போடுங்கள். விமானப்படையும் சில விமான நிறுவனங்களும் தங்களுக்கென்று கடுமையான அளவுகள் வைத்துக்கொள்வதுண்டு. அது வேறு கதை.

நல்ல கண் 9 மீட்டரில் படிக்கும் வரியை நீங்கள் 6 மீட்டரில் நின்று படித்தால், அது 6/9. நம் கடை உள்ளறை 6 மீட்டர் நீளம் இல்லை. அதனால்தான் எதிரே நிலைக்கண்ணாடி மாட்டி, இடவலம் மாற்றி அச்சிட்ட அட்டையை அதில் பார்த்துப் படிக்கச் சொல்கிறேன். ‘இவர் அட்டையையே திருப்பி மாட்டியிருக்கிறார்’ என்று சிரித்தவர்களுக்கும் இதுவே பதில்.

கண்ணாடி தேவைப்படும் விமானி அதை அணிந்துதான் ஓட்ட வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் இன்னொரு கண்ணாடியும் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. (இரண்டாவது கண்ணாடி விற்க இதைச் சொல்கிறேன் என்று அடுத்த குரல் பதிவு வேண்டாம்.) கான்டாக்ட் லென்ஸும் போடலாம், ஆனால் நிறம் பூசியது ஆகாது. வெள்ளெழுத்து வந்த பிறகும் ஓட்டலாம். படிப்பதற்கு மட்டும் போடும் முழுக் கண்ணாடி ஆகாது, ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் தூரம் மங்கிவிடும்.

இவ்வளவும் எழுதக் காரணம் என் கோபம் மட்டும் இல்லை. பதிவைக் கேட்டுவிட்டு மூன்று தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அம்மா, கண்ணாடி போடுவதால் பவர் ஏறுவதில்லை. வளரும் வயதில் கண்விழி நீள்வதால்தான் கிட்டப்பார்வை ஏறுகிறது. கண்ணாடியை ஒளித்து வைத்தால் விழி நீள்வது நிற்காது, கரும்பலகை தெரியாமல் போவதுதான் மிச்சம்.

குரல் பதிவில் சொல்லப்பட்ட அந்தப் பையனைப் பற்றி அதிகம் பேச எனக்கு உரிமை இல்லை. அவருடைய தாயார் சொல்லலாம் என்றதை மட்டும் சொல்கிறேன். அவரை யாரும் தள்ளிவிடவில்லை, தள்ளிவைத்திருக்கிறார்கள். இடது கண் 6/12 வரைதான் வந்ததால் சரியான கண்ணாடியோடு திரும்பி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். இடது வில்லையில் சிலிண்டர் அச்சு, அதாவது பவர் நிற்க வேண்டிய கோணம், கொஞ்சம் திரும்பியிருந்தது, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தாயிற்று. ஏழு வயதில் அவர் முதல் கண்ணாடி போட்டதும் நம் கடையில்தான். அன்று வாசலில் நின்று, எதிர்வரிசைக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அதை நான் மறக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் நம்மோடு இருந்த கண் பரிசோதகர், திருமணமாகி ஷா ஆலாமுக்குப் போய்விட்டார் என்பது பலருக்குத் தெரியும். அவர் போன பின்பு பட்டறை வேலையும் கண் பார்ப்பதும் என் தலையிலேயே விழுந்தன. இனி மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து பார்ப்பார். கான்டாக்ட் லென்ஸ் வேண்டுவோர் அந்த நாள்களில் மட்டும் வாருங்கள். மெல்லிய வில்லைகளுக்கு மொத்த வியாபாரிகள் விலையை ஏற்றிவிட்டதால், அடுத்த மாதம் முதல் ஒரு ஜோடிக்கு 30 வெள்ளி கூடும். பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண வில்லைக்குப் பழைய விலைதான்.

பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டுவதற்கு முன்பு நிறப்பார்வையைப் பார்த்துவிடுங்கள். பவரைக் கண்ணாடியால் சரிசெய்யலாம், பிறவி நிறக்குறையை அப்படிச் சரிசெய்ய முடியாது. அது பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. பலருக்கு இருபது வயது வரை தெரிவதே இல்லை. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப்படச் சோதனையின் புத்தகம் நம்மிடம் இருக்கிறது. அதைக் குழல்விளக்கில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். காலை வெளிச்சத்தில் கடை முன்பக்கம் உட்கார வைத்துக் காட்டுகிறேன். கட்டணம் இல்லை. முடிவான சோதனை ஆணையம் ஏற்ற மருத்துவரிடம்தான். ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லதல்லவா?

இந்த மூன்று வாரத்தில் வேலை இல்லாமலேயே கடைக்குள் வந்து உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுப் போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பாட்டி, பழுதே இல்லாத கண்ணாடியைக் கொடுத்து ‘திருகாணியை இறுக்கு, தம்பி’ என்றார். எதற்காக வந்தார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

அன்புடன்,
கடை உரிமையாளர்

பின்குறிப்பு: குரல் பதிவை முதலில் அனுப்பிய அம்மாவுக்கு. உங்கள் இருபார்வைக் கண்ணாடி தயாராகி இரண்டு வாரமாகிறது. முன்பணம் போக மீதி 60 வெள்ளிதான். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.