ராபன்ஸலுக்கு முன்னால் ஒரு கொத்து பார்ஸ்லி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு சிறுவர் இணைப்பில் வந்த ராபன்ஸல் கதையை ஏழு வயதுப் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். கதைக்கு அடியில், 'கிரிம் சகோதரர்கள் சேகரித்த ஜெர்மானிய நாட்டுப்புறக் கதை' என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. 31 வருடம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள். கதையில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் என் கண் அங்கேதான் போகும். அப்படிப் போய்த்தான், மகள் வாங்கித் தந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தக் கதையின் பாட்டியைக் கண்டுபிடித்தேன்.

அவள் ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். ஜியாம்பத்திஸ்தா பசிலே என்பவர் அந்த ஊர்ப் பேச்சுமொழியிலேயே எழுதிய கதைகள், 1632-இல் அவர் இறந்த பிறகு, பாடகியான அவருடைய சகோதரி அத்ரியானாவின் முயற்சியால் 1634-லிருந்து 1636-க்குள் அச்சாயின. அதில் வருகிற பெண்ணின் பெயர் பெட்ரோசினெல்லா. பார்ஸ்லிக் கீரையை வைத்து வந்த பெயர். பார்ஸ்லி பார்க்க நம் கொத்தமல்லி மாதிரி இருக்கும். 1690-களின் கடைசியில் லா ஃபோர்ஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இதே கதையை 'பெர்சினெத்' என்று எழுதினார், அதுவும் பார்ஸ்லிதான். 1790-இல் ஷுல்ட்ஸ் என்பவர் ஜெர்மனில் கொண்டுவந்தபோது பார்ஸ்லி போய் ராபன்ஸல் என்ற வேறொரு கீரை வந்தது. கிரிம் புத்தகம் 1812. ஜெர்மானியக் காடு என்று நாம் நினைப்பது நேப்பிள்ஸ்காரி வீட்டுக் கொல்லை.

கிரிம் கதையில் மனைவிக்கு ஆசை, சுவர் ஏறித் திருடுவது புருஷன். நேப்பிள்ஸில் பாஸ்கதோசியா என்ற கர்ப்பிணி தானே பக்கத்து ராட்சசியின் தோட்டத்துக்குள் இறங்கிப் பறிக்கிறாள். மாட்டிக்கொண்டதும் அவள் சொல்கிற சாக்கைப் பாருங்கள்: 'நாக்கு ருசிக்காக எடுக்கவில்லை, குழந்தை முகத்தில் பார்ஸ்லி மாதிரி மச்சம் விழுந்துவிடுமே என்று பயந்தேன்.' மசக்கையில் கேட்டதைத் தின்னக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வரும் என்று என் வார்டில் எத்தனை மாமியார்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள்! அந்தப் பயம் அங்கேயும் இருந்திருக்கிறது. பிறக்கும் பிள்ளையைத் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் ராட்சசி அவளை விடுகிறாள். பிறந்த குழந்தையின் மார்பில் அழகாக ஒரு கொத்து பார்ஸ்லி மச்சம். இன்னொன்று, கருவைக் கலைக்கவும் ஐரோப்பாவில் பார்ஸ்லியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதைத்தான் இவள் பயமில்லாமல் பறித்துத் தின்கிறாள். கதை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அப்புறம் ஏழு வருடம் ஒன்றும் நடப்பதில்லை. பாடம் படிக்கப் போகிற குழந்தையை வழியில் பார்க்கும்போதெல்லாம் ராட்சசி, 'கொடுத்த வாக்கை மறக்க வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்' என்கிறாள். தினம் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அம்மா, 'எடுத்துக்கொள் என்று சொல்லிவிடு' என்கிறாள். விஷயம் தெரியாத குழந்தை அதை அப்படியே போய்ச் சொல்கிறது. தன்னைத் தூக்கிக்கொடுக்கும் சேதியைத் தன் வாயாலேயே! கிரிம்மில் சூனியக்காரி பிறந்த கையோடு வாங்கிப் போய்விடுவதால், பெற்றவள் மேல் நமக்குக் கோபம் வர நேரமே இருப்பதில்லை.

பெண்ணைக் கோபுரத்தில் அடைப்பது, ஜன்னலில் தொங்கும் அவள் முடியைப் பிடித்து இளவரசன் ஏறி வருவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். குட்டு உடைகிற இடம்தான் வேறு. கிரிம்மின் 1812 பதிப்பில் ராபன்ஸல், 'என் துணியெல்லாம் ஏன் இறுக்கமாகிவிட்டது?' என்று வளர்த்தவளிடமே வெகுளியாகக் கேட்கிறாள். படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வயிற்று வலி என்று அம்மாவோடு வந்து நின்ற பெண் பிள்ளைகளிடம் இதே மாதிரிக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு ஆகாது என்று பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 'இளவரசனைவிட நீ ஏன் இவ்வளவு கனக்கிறாய்?' என்று அவளே உளறுவதாக மாற்றினார்கள். ஆனால் கடைசியில் வனாந்தரத்தில் இரட்டைக் குழந்தைகள் அப்படியே இருக்கின்றன. கர்ப்பத்தை அடித்தவர்கள் பிரசவத்தை அடிக்க மறந்துவிட்டார்கள். நம் இணைப்பில் அந்த இரட்டையரும் இல்லை.

நேப்பிள்ஸில் காட்டிக்கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரி. 'அவள் எங்கே ஓடுவாள்? சமையலறை உத்தரத்தில் ஒளித்து வைத்த மூன்று ஓக் கொட்டைகள் இல்லாமல் என் மந்திரத்தைத் தாண்ட முடியாது' என்று ராட்சசி அலட்டிக்கொள்கிறாள். பெட்ரோசினெல்லா அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறாள். கொட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டு அவளும் இளவரசனும் நூலேணியில் இறங்கி ஓடுகிறார்கள். துரத்தும்போது முதல் கொட்டை வேட்டைநாயாகிறது. ராட்சசி ரொட்டியைப் போட்டுச் சமாளிக்கிறாள். இரண்டாவது சிங்கம். மேய்ந்துகொண்டிருந்த ஒரு கழுதையின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டு ராட்சசி வர, சிங்கம் மிரண்டு ஓடிவிடுகிறது. மூன்றாவது ஓநாய். சிங்கம் திரும்பி வந்தாலும் வரும் என்று ராட்சசி தோலைக் கழற்றாமல் இருந்தாள். ஓநாய்க்கு அவள் கழுதை. தின்றுவிட்டது. இந்த இடத்தில் பேத்தி சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ராபன்ஸல் பாவம். முடி போகிறது, இளவரசன் முள்ளில் விழுந்து கண்ணை இழக்கிறான், வருடக்கணக்கில் அலைகிறார்கள், கடைசியில் அவள் கண்ணீர் பட்டுப் பார்வை வருகிறது. அழகான கதை, மறுக்கவில்லை. அழத் தெரிந்தவளையே நாம் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். ஒட்டுக்கேட்கத் தெரிந்தவள் 178 வருடம் மூத்தவள்.

பசிலேயின் புத்தகம் முழுவதுமே ஒரு மசக்கையால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றி ஓர் இளவரசனை மணந்த அடிமைப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். அவளுக்கு வந்த ஆசை புளிக்கோ மாங்காய்க்கோ இல்லை, கதை கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வயிற்றில் குத்திக்கொள்வேன் என்று மிரட்ட, இளவரசன் பத்துக் கிழவிகளை வரவழைத்து ஐந்து நாள் கதை சொல்ல வைக்கிறான். பெட்ரோசினெல்லா இரண்டாம் நாளின் முதல் கதை.

இதை ஒரு ஞாயிறு நீங்கள் போட வேண்டும். போட்டால் உங்கள் ஓவியரிடம் சொல்லுங்கள்: ஜன்னலில் தொங்கும் முடி வேண்டாம், அதைப் பேத்தி நிறையப் பார்த்துவிட்டாள். கழுதைத் தோல் போர்த்திய ராட்சசியை வரையட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்