கெண்டியின் மூடி

குவாங்சோ, சீனா

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அழைத்தபோது உனக்கு மாலை ஐந்து, எனக்கு நள்ளிரவு. அழவில்லை என்று சொன்னாய். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அதன்பின் தூக்கம் பிடிக்காமல் இதை எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்து ஹோட்டல் பள்ளி வகுப்பில் நீ வாயே திறப்பதில்லை, பாடத்தில் ஆர்வம் இல்லையா என்று ஆசிரியர் கேட்டாராம். அவர்மேல் வருத்தம் வேண்டாம். பன்னிரண்டு வருடம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி வளர்ந்தவள் நீ. காவோகாவோ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு உன்னை அப்படித்தான் பழக்கினோம். நமக்கு மௌனம் மரியாதை. அவர்களுக்கு அது அக்கறையின்மையாகத் தெரிகிறது. ஆங்கிலம் பிசகினால் மானம் போய்விடும் என்ற பயமும் உனக்கு இருக்கிறது.

ஆனால் அன்று குழுவில் பேசிய விஷயம் என்ன? விருந்தினர் கேட்கும் முன்பே அவர் தேவையை அறிவது எப்படி என்பதுதானே? மகளே, அதற்கு விடை ஏழு வயதிலேயே உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீர் விடுதி. பக்கத்து மேசைப் பெரியவர், இன்னும் வெந்நீர் வேண்டும் என்பதற்கு அடையாளமாக, தேநீர்க் கெண்டியின் மூடியைச் சற்றே விலக்கி வைத்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை. நீ ஓடிப்போய்ப் பரிமாறும் பெண்ணின் ஏப்ரனை இழுத்து, அந்த மூடியைக் காட்டினாய். அவள் வெந்நீர் ஊற்றினாள். வாயில் பலகாரத்தை வைத்திருந்த பெரியவர் மேசையில் இரண்டு விரலால் தட்டி நன்றி சொன்னார். மூவரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை அங்கே சொல்லாமல் அடுத்தவர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

தட்டுத் துடைக்கவா இவ்வளவு செலவழித்து அனுப்பினோம் என்று தாத்தா முணுமுணுக்கிறார். உலகின் முதல் ஹோட்டல் பள்ளி 1893இல் லோசானில் தொடங்கிய நாடு அது. மேலாளராகப் போகிறவரையும் முதலில் அடுப்படிக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம் என்றேன். அவர் அசையவில்லை. பிறகு 1983ஐ நினைவூட்டினேன். நம் ஊர் ஷாமியான் தீவில் வெள்ளை அன்னம் ஹோட்டல் திறந்தபோது சாதாரண மக்களும் உள்ளே போகலாம் என்றதே அதிசயம். நடுக்கூடத்தில் இருந்த அருவியைக் காட்ட என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். எங்கள் செருப்பு மண்ணை முகம் சுளிக்காமல் துடைத்த பெண்ணைப் பற்றி வீடு வரும்வரை பேசினார். அதைச் சொன்னதும் அமைதியாகிவிட்டார். பதினோரு வருடம் ஹோட்டல் அறைகளில் படுக்கை விரித்தவள் நான். அந்த வேலையை யாரும் தாழ்த்திப் பேச விடமாட்டேன்.

நம் ஊர்ப் பெண்களோடு மட்டுமே சாப்பிடாதே. அவர்களை விட்டுவிடவும் வேண்டாம். மதியம் ஒருவேளை மற்றவர்களோடு உட்கார்.

வியாழக்கிழமை வகுப்பில் மூடிக் கதையைச் சொல். ஆங்கிலச் சொல் வராவிட்டால் ஒரு கெண்டியை மேசையில் வைத்துக் காட்டு. அடுப்பில் சுட்ட கைக்கு மருந்து போட்டாயா? சனிக்கிழமை அழை, விழித்திருப்பேன்.

அம்மா