மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம். வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டோம். பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சீருடை ஆற்றோடு போனவர்கள் இருக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். போன் பண்ணிப் பண்ணிக் கேட்டீர்களே, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் நடந்ததை மறுபடி எழுத மனமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரையில் நம் பள்ளி எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சேற்றை மண்வெட்டியால் அள்ளிய கல்லூரிப் பிள்ளைகள், பிளீச்சிங் பவுடரோடு வந்த தூய்மைப் பணியாளர்கள், நோட்டும் பையும் அனுப்பிய பழைய மாணவர்கள், தங்கள் வீட்டிலேயே அடுப்பு மூட்ட வழியில்லாதபோதும் காலை உணவுக்கு அரிசி களைந்து கொடுத்த அக்காமார், பெயர் சொல்லாமல் பெஞ்சு இறக்கிவிட்டுப் போன லாரிக்காரர், எல்லோருக்கும் கோடி நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நான் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தது காயில் கடை அண்ணாச்சியைப் பற்றித்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய பள்ளி மோட்டார் ஓடாமல் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாது, அது இல்லாமல் பள்ளியைத் திறக்கவும் முடியாது. அண்ணாச்சி கடைக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது. வாசலில் வாழைத் தோட்டத்து மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. பள்ளி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ சாமான் பையோடு வந்து வேப்பமரத்தடியிலேயே சாக்கை விரித்துவிட்டார். சுத்தம் செய்ய வந்த அம்மாக்களோடு கூடவே வந்திருந்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் விரட்டப் போனேன். “இருக்கட்டும் டீச்சர், பாக்கட்டும்” என்றார்.

மூடியைக் கழற்றியதும் வண்டல் கொட்டியது. அப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “தண்ணி இறைக்கிற மோட்டாருக்குத் தண்ணி ஆகாதா மாமா?”

அண்ணாச்சி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். ஒரே தண்டில் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் கரண்ட், நடுவில் தண்ணீர் கசியாமல் தடுக்க ஒரு சீல், வெள்ளம் வந்தபோது தண்ணீர் சீல் வழியாக வரவில்லை, பின்பக்கக் காற்றோட்டத் துளை வழியாக வந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். செம்புக் கம்பியில் ஒரு நுனியைச் சுரண்டி, மேலே பூசியிருக்கும் வார்னிஷ் உரிவதைப் பார்க்க வைத்தார். கருகிய காயிலை ஆளுக்கு ஆள் மோந்து பார்த்தார்கள். உடனே அடுத்த கேள்வி: “அப்ப போர்வெல்ல போடுற மோட்டாரு தண்ணிக்குள்ளேயே கெடக்கே?” மறுநாள் அந்த மோட்டாருக்குக் கட்டும் கம்பியில் ஒரு துண்டு கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை போட்டது. இரண்டு கம்பியையும் கையில் உருட்டிப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

கம்பியைச் சுற்றிக் கரண்ட் விட்டால் தண்டு ஏன் சுழல வேண்டும் என்று ஒருவன் கேட்டான். “இவ்வளவு வருசமா கட்டுறேன், எங்கிட்ட யாரும் கேட்டதில்ல, எனக்கும் தெரியாது. டீச்சர் சொல்லட்டும்” என்றார். பிறகு ஓர் ஆணியில் கம்பி சுற்றி, பேட்டரி இணைத்து, குண்டூசி ஒட்டுவதைக் காட்டினோம். அதை முதலில் செய்து பார்த்தவர் அண்ணாச்சிதான்.

கூலி வாங்கவில்லை. செம்பு கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பழைய காயிலையும் வகுப்புக்கென்று விட்டுப் போனார்.

எதிர்காலப் பள்ளி எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அடிக்கடி பயிற்சி நடக்கும். 2007இல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தன, 2010இல் சமச்சீர் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும். ஒன்றும் கெட்டதில்லை, ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் ஏதோ பிடித்துக்கொண்டார்கள். இனி ஸ்மார்ட் போர்டும் வரும், வரட்டும். ஆனால் பாடத்தில் கேள்வியை நாம் கேட்கிறோம், பிள்ளை விடை சொல்கிறது. மரத்தடியில் அது தலைகீழாக நடந்தது, அதற்கு ஒரு செத்த மோட்டாரும், பிள்ளைகள் எதிரில் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாத ஒரு மனுஷனும் போதுமாக இருந்தது. எந்தப் புதிய திட்டம் வந்தாலும் இந்த இரண்டுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஊரில் தொழில் தெரிந்த ஒருவர் வந்து பிள்ளைகள் முன்னால் எதையாவது பிரித்துக் காட்ட வேண்டும். தையல் கடை அக்கா முதலில் வருவதாகச் சொல்லிவிட்டார். சைக்கிள் கடைத் தம்பி யோசிக்கிறான், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் என்ன வேண்டும் டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நோட்டு போதும், பை போதும். வெள்ளத்தில் செத்துப்போன மிக்ஸி, ரேடியோ, மின்விசிறி இருந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். பிளக்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். பழைய டிவி மட்டும் வேண்டாம், அதைப் பிரிப்பது ஆபத்து.