எந்த மாசத்துப் படகு? ஒரு நன்றி மடல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் என் விசைப்படகு மாடலை வைத்திருந்தேன். பார்த்தவர்களில் பாதிப் பேர், "இந்தப் பழைய படகை எங்கே புடிச்சே?" என்று கேட்டார்கள். எங்கேயும் பிடிக்கவில்லை. ஐஸ் குச்சியும் சன்பேக் பிளாஸ்டிக் அட்டையும் வெட்டி, ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில் நான் ஒட்டியது. 15 மீட்டர் படகு 30 சென்டிமீட்டராக வந்தது. ஒட்டினது மட்டும்தான் நான். அதைப் பழசாக்கியதில் பலர் கை இருக்கிறது. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் காசிமேட்டுப் பெயிண்டர் அண்ணன். உடம்பு முழுக்கப் பழுப்பு பூசி, துருவென்று நினைத்து ஆரஞ்சுக் கோடுகள் இழுத்து, ரொம்பப் பெருமையாகத் துறைமுகத்துக்கு எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த மாசத்துப் படகுபா இது?" என்றார். விழித்தேன்.

அப்புறம் பெயிண்ட் டப்பாமேல் உட்கார வைத்துச் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கரை ஏற்றுவது, பழுது பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். தடை முடிந்து இறங்கும்போது படகு கல்யாணப் பொண்ணு. பிறகு கயிறு உரசும் ஓரத்தில் முதலில் பெயிண்ட் போகும். வலை இழுக்கும் பக்கம் மரம் தெரியும். போல்ட்டுகள் துரு வழிய அழ ஆரம்பிக்கும். "நீ சேத்துல பொரட்டி எடுத்து வச்சிருக்க. அதுவும் துரு இன்னாபா பக்கவாட்டுல நடந்து போவுது? தண்ணி எங்க எறங்குதோ அங்கதான் அதுவும் எறங்கும்." அன்றைக்கே என் படகு மாசி மாதத்துப் படகு என்று முடிவு செய்தேன். பெயிண்ட் அடித்து எட்டு, ஒன்பது மாசம். எதைச் செய்யலாம், எதை விடலாம் என்ற குழப்பம் அதோடு போயிற்று.

பக்கத்துத் தெருவில் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கிறார். துரு என்ன நிறம் என்று அவரிடம் கேட்டேன். உள்ளே போய்ப் பழைய நட்டு ஒன்றைக் கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பில், புதிதாகக் கீறின இடத்தில் மட்டும் ஆரஞ்சு. நடுவில் கறுப்புக்குப் பக்கத்துப் பழுப்பு. முதலில் அடர்பழுப்பு, அதன்மேல் ஊசிமுனை அளவு ஆரஞ்சு என்று போடக் கற்றுக்கொண்டது அந்த நட்டைப் பார்த்துத்தான். திருப்பிக் கொடுக்கவில்லை, ஐயா. இன்னும் என் மேஜைமேல்தான் இருக்கிறது.

எங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு மூலையைப் பிய்த்தேன் (இப்போது தெரிந்துவிட்டது). அடர்பழுப்பில் தொட்டு, தினத்தாளில் ஒற்றி, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதபோது ஓரங்களில் மட்டும் ஒற்றினால் பெயிண்ட் உதிர்ந்த மாதிரி வரும். ஆனால் கணக்கு முக்கியம். மாடலில் ஒரு மில்லிமீட்டர் புள்ளி என்றால் நிஜப் படகில் ஐந்து சென்டிமீட்டர். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஏழாவது படிக்கும் என் அக்கா மகன். "போதும் மாமா, இன்னும் தொட்டா முங்கிடும்" என்று பிரஷ்ஷைப் பிடுங்கியதும் அவன்தான். அவன் அம்மா கொடுத்த பழைய ஐ ஷேடோ பிரஷ்ஷுக்கும் தனி நன்றி. கடைகளில் மாடலுக்கென்று விற்பதைவிட அது பஞ்சு மாதிரி பொடி போடுகிறது.

பொடி என்றதும் ஸ்டேஷனரி கடை அக்கா. உடைந்துபோன சாக் பேஸ்டல் பெட்டியைப் பாதி விலைக்குத் தந்தார். உப்புத்தாளில் தேய்த்தால் எல்லாம் பொடிதானே! வெள்ளையும் சாம்பலும் கலந்து நீர்மட்டத்துக்கு மேலே லேசாகத் தடவினால் உப்புப் பூத்த மாதிரி இருக்கும். மேலே வார்னிஷ் அடித்தால் பாதிப் பொடி காணாமல் போகும். அதனால் அதைக் கடைசியில் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். தயவுசெய்து யாரும் ஊதிப் பார்க்க வேண்டாம்.

டிங்கரிங் பட்டறை அண்ணாச்சி இல்லையென்றால் இந்தப் படகே இல்லை. ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், அவசரப்பட்டு மொட்டை மாடியில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். கண்ணெதிரே, பழைய பழுப்புக்கு மேல் நான் திருப்பிப் பூசியிருந்த நீலம் முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளுத்தது. கடல் பக்கம் குடியிருந்துகொண்டு இது தெரியாதா என்று அண்ணாச்சி சிரித்தார். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். கார் கதவுக்கும் இதேதானாம். மறுவாரம் நல்ல வெயில் மதியத்தில் பளபளக்கும் க்ளாஸ் (gloss) வார்னிஷ் மெல்லிசாக ஒரு கை அடிக்கச் சொன்னார். நீலம் திரும்பி வந்தது.

அந்தப் பளபளப்பு இன்னொரு விதத்திலும் உதவியது. அடர்பழுப்பு ஆயில் கலரை டர்பன்டைனில் பால் இல்லாத டீ நிறத்துக்குக் கரைத்து, பலகை இடுக்கில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும், அது தானாக ஓடி நிரம்புகிறது. அடியில் இருந்தது அக்ரிலிக், நன்றாகக் காய்ந்தது. அதனால் டர்பன்டைன் அதைத் தொடவில்லை. கால் மணி நேரம் கழித்து, மிஞ்சியதைக் காது பட்ஸால் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தேன். பக்கவாட்டில் துடைக்கக் கை வரவே இல்லை, பெயிண்டர் அண்ணன் குரல் காதில் கேட்டது.

ஞாயிறு சாயங்காலம் அவரே படிப்பகத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, போல்ட் போல்ட்டாகப் பார்த்தார். நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"மாசின்னு சொன்னல்ல? பங்குனி ஆயிருக்குபா. ஒரு மாசம் கூடப் போட்டுட்ட."

ஸ்டேஷனரி அக்கா, உங்களுக்கு இன்னும் நாற்பது ரூபாய் பாக்கி. சனிக்கிழமை வருகிறேன்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் தம்பி