கோன்ஃப்ளவர் இல்லாட்டியும் தேனீ வரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட வீட்டுத்தோட்டப் பக்கத்தை விடாம வாசிக்கிறனான். அதில கோன்ஃப்ளவர் எண்ட வட அமெரிக்கப் பூச்செடியின்ட படத்தைப் பாத்திட்டு பக்கத்து ஃபிளாட் அக்கா கனடாவில இருந்து விதை எடுப்பிக்கப் போறன் எண்டு நிக்கிறா, நான் ரெண்டு வருஷம் அந்தச் செடியோட மினக்கெட்ட ஆள் எண்டபடியா இதை எழுதுறன்.

அது வடிவான பூ தான், அதில ஒரு குறையும் சொல்லேலாது. கனடாவில ஸ்காபரோவில என்ட தங்கச்சி வீட்டு முத்தத்தில நிக்குது, பனி காலத்தில மேல எல்லாம் காய்ஞ்சு வேர் மட்டும் மண்ணுக்குள்ள நித்திரை கொள்ளும், பனி போக திரும்பத் துளிர்த்து வரும். நடுவில குமிழ் மாதிரி நிக்கிறது ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள், ஓரத்தில இருந்து உள்பக்கமா வரிசை வரிசையா விரியும், அதால ஒரே தலையில தேனீக்குக் கனநாளைக்குச் சாப்பாடு. காய்ஞ்ச தலையை வெட்டாம விட்டா குருவியள் வந்து விதை தின்னும்.

தங்கச்சி அனுப்பின விதையை ஈரக் கடதாசியில சுத்தி ஒரு மாசம் ஃபிரிட்ஜில வச்சுத் தான் போட்டனான். முளைச்சுது, இலையும் நல்லா வந்துது, ஒக்டோபர் மழையோட அடி அழுகிப் போச்சு. அடுத்த வருஷம் சாடியில பாதிக்குப் பாதி மணல் கலந்து பாத்தன், உயிரோட நிண்டுது, ஆனா பூக்கேல்ல. வட அமெரிக்காப் புல்வெளியில குளிருக்குப் பழகின செடி, 20 பாகைக்குக் கீழ போறதே அபூர்வமான கொழும்பில அதுக்கு எங்கால குளிர்காலம்? நுவரெலியாப் பக்கம் இருக்கிற ஆக்கள் வேணுமெண்டா முயற்சி பண்ணிப் பாக்கலாம்.

அந்தச் சாடியிலேயே பிறகு சீனியாவும் கொஸ்மோஸும் போட்டன், பக்கத்தில துளசியைப் பூக்க விட்டன். இப்ப காலமை எட்டு மணிக்கு பல்கனியில தேனீ இரைச்சல் கேக்குது, கொட்டாத அந்தக் குட்டிக் கறுப்புத் தேனீயும் வருது. ஒண்டை மட்டும் கவனியுங்கோ, கடையில அடுக்கடுக்கா இதழ் வச்ச செடியைத் தான் முதல்ல காட்டுவினம், அதை எடுக்காதேங்கோ, நடுப்பூ எல்லாம் இதழா மாறிப்போனா தேனீக்கு அங்க தேனும் இல்லை மகரந்தமும் இல்லை. ஒற்றை அடுக்குப் பூவாப் பாத்து வாங்குங்கோ. கோன்ஃப்ளவரிலயும் அதே கதை தான். தேனீக்குத் தண்ணி வைக்கிறதெண்டா தட்டில தேங்க விடாதேங்கோ, நுளம்பு முட்டை போடும், ஈர மணல் காணும்.

கடைசியா கறிவேப்பிலை. அதில குருவி எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது வண்ணத்துப்பூச்சியின்ட புழு, வளர வளரப் பச்சையாகும், தேசிக்காய் மரத்திலயும் இருக்கும். எங்கட தொடர்மாடியில அதைக் கண்ட உடன மருந்து அடிச்சுப் போடுவினம், எனக்கு மனசு பதறும். பூ வச்சு வண்ணத்துப்பூச்சியைக் கூப்பிட்டிட்டு அதின்ட பிள்ளையளைக் கொல்லலாமோ? நாலு கொப்பு அதுக்கு விட்டாலும் கறிக்குப் போட இலை மிஞ்சும்.

ஐயா, அடுத்த முறை அந்தப் பக்கத்தில எங்கட சூட்டுக்கும் மழைக்கும் நிக்கிற பூச்செடியளைப் பற்றி எழுதுங்கோ, இந்தப் புழுவின்ட படத்தையும் பெரிசாப் போட்டு விடுங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு வாசகி