சில்லறை நாடகம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆச்சி மனோரமா பற்றி முக்கால் பக்கம் போட்டிருந்தீர்கள். ஆயிரம் படம், கின்னஸ், 2002இல் பத்மஸ்ரீ, ஐந்து முதல்வர்களோடு நடித்தது என்று எல்லாம் வழக்கம்போல வந்திருந்தது, சந்தோஷம். ஆனால் "சினிமாவுக்கு வரும் முன் சில்லறை நாடகங்களில் தலைகாட்டியவர்" என்று அரை வரி எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். சில்லறையாம்! மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர், நாடக மேடையில் சேர்த்த அந்தச் சில்லறையைத்தான் 1958இல் 'மாலையிட்ட மங்கை' தொடங்கி கடைசிவரை செலவழித்தார்.

என் அம்மாவும் சில்லறைதான். நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி ஒரு ராத்திரிக்குப் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ் கட்டியவர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியும் முருகனும் வருவதற்குள் ஊர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது பபூன் என்கிற கோமாளியும் டான்ஸும்தான். ஒத்திகை கிடையாது என்பது மதுரையில் பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல. பபூன் ஒரு ஊர், அம்மா ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் புதுப் பபூன் ஒருத்தர் திடீரென்று, "இந்த வயசுல உனக்கு ஆட்டம் தேவையா?" என்று கேட்டுவிட்டார். அம்மா சலங்கையை நிறுத்திவிட்டு ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் மெதுவா வாசிங்க, தாத்தாவுக்கு மூச்சு வாங்குது" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அடுத்த நாடகத்து நோட்டீஸில் அந்தப் பபூன் பேருக்கு முன்னால் 'நகைச்சுவைத் தென்றல்', அம்மா பேருக்குப் பக்கத்தில் வெறும் 'டான்ஸ்'. சம்பளமும் அந்தக் கணக்கில்தான். விடிகாலை வேன் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்பார் அம்மா. முனையிலேயே இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு நடந்து வருவார். என் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குத் தையல் வேலை என்றுதான் எழுதிக்கொடுத்திருந்தோம்.

இன்றைக்கு இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் மேல்தான் விழ வேண்டும். மாமியார் ஜோக்கை நாற்பது வருஷமாகச் சொல்லி, பொன்னாடையோடு காரில் ஏறுகிறார்கள். ஆச்சி மேடையில் பேசியது என்ன ஆனது? 1996 தேர்தலில் ரஜினியை எதிர்த்துப் பேசினார், பட வாய்ப்பு வற்றிப்போனது. அப்புறம் ரஜினியே 'அருணாசலம்' படத்தில் கூப்பிட்டு வேஷம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண் நடிகர் பேசினால் தேர்தலில் நிற்க சீட்டு கொடுப்பார்கள். உங்கள் முக்கால் பக்கத்தில் இதற்கு மட்டும் இடமில்லை.

நாடக நடிகர் அவ்வை சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' எழுதினார், அதனால் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட பாடு நமக்குத் தெரிந்தது. என் அம்மாவும் எழுதினார் ஐயா. என் பழைய கணக்கு நோட்டில் முப்பது பக்கம். எந்த ஊர், என்ன சம்பளம், அன்றைக்கு எந்தப் பேச்சுக்குச் சனம் சிரித்தது என்று. போன வருஷம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பற்றி நீங்கள் சிறப்புப் பக்கம் போட்டபோது, அந்த நோட்டிலிருந்து நான்கு தாளும் அம்மாவின் போட்டோவும் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த தம்பியிடம் கொடுத்தேன். காபி குடித்துவிட்டு, "கண்டிப்பா வரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் வந்ததெல்லாம் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம், கட்டிய ஆண்கள். போன் செய்தால் இடப்பற்றாக்குறையாம். அந்தப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் நகைக்கடை விளம்பரம் இருந்தது.

திருத்தம், வருத்தம் எதுவும் போட வேண்டாம். அந்த போட்டோவை மட்டும் திருப்பி அனுப்புங்கள். சலங்கையோடு நிற்பார், இடது ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கும், பின்னால் பென்சிலில் "மேலூர் 150 ரூ, பாக்கி 50" என்று இருக்கும். வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை